கத்திரி வெயிலில் ஒரு ஞாயிறு மதியம்: உங்களுக்கு அன்றாடத்தில் சந்தோஷம் எங்கிருந்து வருகிறது?

மாடியறை எழுதியது:

திருவல்லிக்கேணியில் வெளியூர்ப் பையன்கள் வாடகைக்குத் தங்கும் ஒரு மேன்ஷனில் மூன்றாவது மாடியில் இருக்கிறேன். வயது 23, ஊர் சாத்தூர் பக்கம். ஒரு ஆடிட்டரிடம் ஆர்ட்டிகிள்ஷிப், அதாவது சிஏ படிப்புக்கான பயிற்சி, இன்னும் பதினொரு மாதம் பாக்கி. நேற்று நடந்த ஒரு விஷயத்தை யாரிடமாவது சொல்ல வேண்டும் போல் இருக்கிறது, ஊருக்கு போன் போட்டுச் சொன்னால் "சரிப்பா, சாப்டியா" என்பார்கள், அதனால் இங்கே எழுதுகிறேன்.

நேற்று ஞாயிறு. காலை 11 மணிக்குத் துணி துவைத்து மொட்டை மாடியில் காயப்போட்டேன். கத்திரி வெயில், தரையில் செருப்பில்லாமல் நிற்க முடியாது. மேற்கிலிருந்து அனல் வீசிக்கொண்டிருந்தது, கொடியில் இருந்த வேட்டி, சட்டையெல்லாம் கடல் பக்கம் பார்த்துப் படபடவென்று அடித்துக்கொண்டிருந்தன. அறையில் இருக்கவும் முடியவில்லை, ஃபேன் சூட்டைத்தான் கீழே தள்ளுகிறது. தண்ணீர்த் தொட்டி நிழலில் புத்தகத்தோடு உட்கார்ந்துவிட்டேன்.

ஒரு மணி தாண்டியதும் வேட்டி சட்டென்று தொங்கிப்போனது. கொஞ்சம்கூட அசைவில்லை. பக்கத்து மாடியில் கூழ் வடகம் பிழிந்துவிட்டுக் காவலுக்கு உட்கார்ந்திருந்த அம்மாவும் நிமிர்ந்து பார்த்தார். ஐந்து நிமிடம் அப்படியே. மூச்சு முட்டுகிற மாதிரி ஒரு புழுக்கம். அப்புறம் வேட்டியின் ஓரம் மட்டும் லேசாகத் தூக்கியது, இந்த முறை எதிர்ப்பக்கமாக. ஒரு தடவை, இரண்டு தடவை, பிறகு முழு வேட்டியும் மேற்கே பார்த்துப் பறக்க ஆரம்பித்தது. கழுத்து வியர்வையில் காற்று பட்டதும் உடம்பெல்லாம் சிலிர்த்துவிட்டது. அந்த அம்மா என்னைப் பார்த்து "வந்துடுச்சுப்பா" என்றார். ஒன்றரை வருடமாகப் பக்கத்துப் பக்கத்து மாடியில் இருக்கிறோம், அவர் என்னிடம் பேசிய முதல் வார்த்தை அது.

இதில் என்ன இருக்கிறது என்று கேட்டால் பதில் சொல்லத் தெரியவில்லை. ஆனால் நேற்று ராத்திரி படுக்கும்போது ஒன்று தோன்றியது. சிஏ முடிக்கட்டும், வேலை கிடைக்கட்டும், தங்கைக்குக் கல்யாணம் ஆகட்டும், அப்புறம் வாழ்ந்துகொள்ளலாம் என்றுதான் பிளஸ் டூவிலிருந்து எல்லாவற்றையும் தள்ளி வைத்துக்கொண்டே வந்திருக்கிறேன். நேற்று மதியம் அந்த ஐந்து நிமிடம் மட்டும் எதையும் தள்ளி வைக்கவில்லை. உங்களுக்கும் இப்படி இருக்குமா? இருபதுகளில் இருப்பவர்கள், குறிப்பாக வெளியூரிலிருந்து சென்னைக்கு வந்து தங்கியிருப்பவர்கள் எழுதுங்கள். பெரிய விஷயமெல்லாம் வேண்டாம். ஒரு நாளில் எது உங்களை நிறுத்துகிறது?

மழைமானி எழுதியது:

தம்பி, நீங்கள் பார்த்தது கடற்காற்று உள்ளே நுழைகிற நேரம். தினமும் நுங்கம்பாக்கம், மீனம்பாக்கம் வெப்பநிலையைப் பார்த்துக்கொண்டே இருப்பவன் என்பதால் இதைப் பற்றிப் பேசாமல் இருக்க முடியாது.

காலையில் தரை சீக்கிரம் சூடாகிறது, கடல் மெதுவாகத்தான் சூடாகும். தரைக்கு மேலே உள்ள காற்று சூடாகி எழும்ப, அந்த இடத்தை நிரப்பக் கடலிலிருந்து குளிர்ந்த காற்று வர வேண்டும். ஆனால் மே மாதத்தில் மேற்கிலிருந்து வரும் தரைக்காற்று பலமாக இருந்தால் அதை உள்ளே விடாது. இரண்டும் மோதிக்கொள்கிற இடத்தில்தான் உங்கள் வேட்டி அசையாமல் தொங்கியது. திருவல்லிக்கேணி கடலை ஒட்டி இருப்பதால் உங்களுக்கு முதலில் வரும். அம்பத்தூர், ஆவடி பக்கம் போய்ச் சேர இன்னும் நேரம் பிடிக்கும், சில நாள் போயே சேராது. காற்று தாமதமாகிற நாளில்தான் ஊர் 40 டிகிரியைத் தாண்டும். 2003 மே 31 அன்று நுங்கம்பாக்கத்தில் 45 டிகிரி.

நான் இருப்பது அம்பத்தூர். நீங்கள் "வந்துடுச்சு" என்ற நேரத்தை வைத்து எங்களுக்கு எப்போது வரும் என்று கணக்குப் போடலாம். அடுத்த ஞாயிறு நேரத்தைக் குறித்து இங்கே போடுங்கள். உண்மையாகவே கேட்கிறேன்.

பிங்க்_பஸ் எழுதியது:

வேட்டி எதிர்ப்பக்கம் திரும்பியது என்று படித்ததும் எங்கள் ஹாஸ்டல் கொடிக் கயிறு நினைவுக்கு வந்தது. நான் 25, பெரம்பூர் பக்கம் ஒரு மகளிர் விடுதியில் மூன்று வருடம் இருந்தேன், இப்போது இரண்டு தோழிகளோடு ஒரு வீடு எடுத்திருக்கிறோம்.

என்னுடையதைச் சொல்கிறேன். விடுதியில் ஞாயிற்றுக்கிழமை மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு என்ன செய்வதென்றே தெரியாது. நாலு பேர் அறையில் ஒருத்தி தூங்கினால் மற்ற மூன்று பேரும் அசையாமல் இருக்க வேண்டும். ஒரு நாள் சும்மா கிளம்பிப் போய் 29சி-யில் ஏறிவிட்டேன். பெரம்பூரிலிருந்து பெசன்ட் நகர் வரை. 2021 மே மாதத்திலிருந்து சாதாரணக் கட்டண பஸ்ஸில் பெண்களுக்கு இலவசம் இல்லையா, கண்டக்டர் சீட்டைக் கிழித்துக் கையில் கொடுத்துவிட்டுப் போய்விடுவார், எங்கே இறங்க வேண்டும் என்பதற்குக் காரணம் எதுவும் தேவையில்லை. கடைசி நிறுத்தம் வரை போகிறேன் என்று முடிவு செய்தால் போதும். ஜன்னல் ஓரம். நுங்கம்பாக்கத்தில் மரம், ஜெமினி பாலத்தில் கொஞ்சம் வெளிச்சம், லஸ்ஸில் பூ வாசனை, அடையாறு தாண்டியதும் காற்று மாறும். இறங்கி, கடலை ஒரு பார்வை பார்த்து, சுண்டல் வாங்கிக்கொண்டு அடுத்த பஸ்ஸில் திரும்பி வந்தேன்.

எங்கள் வீட்டில் நான் தனியாக, காரணமில்லாமல், ஒரு இடத்துக்குப் போனதே கிடையாது. கல்லூரிக்குப் போனேன், கோயிலுக்குப் போனேன், கல்யாணத்துக்குப் போனேன். "சும்மா போய்ட்டு வந்தேன்" என்று சொல்லும் உரிமை அந்த ஞாயிற்றுக்கிழமைதான் எனக்கு வந்தது. அதற்குப் பிறகு ஒவ்வொரு ஞாயிறும் ஒரு பஸ். பெயர் தெரியாத கடைசி நிறுத்தங்களாகப் பார்த்து ஏறுவேன்.

இப்போது வீடு வந்த பிறகு இன்னொன்றும் சேர்ந்திருக்கிறது. 5 கிலோ சிலிண்டர் ஒன்று, ஒற்றை அடுப்பு, ஒரு ஈயச் சொம்பு. ஈயச் சொம்பு அம்மா கொடுத்தது. முதல் நாள் ரசம் வைத்தேன், நுரை கூடி வரும்போது இறக்க வேண்டும், கொதிக்க விடக் கூடாது என்று போனில் அம்மா சொல்லச் சொல்ல நான் எட்டிப் பார்த்துக்கொண்டே நின்றேன். நுரை ஓரத்திலிருந்து நடுவுக்கு வந்து மூடுகிற அந்த நொடியில் "இறக்கு இறக்கு" என்று அம்மா அங்கிருந்து கத்தினார். எப்படித் தெரிந்தது என்று இன்றுவரை புரியவில்லை. சத்தத்தை வைத்தே கண்டுபிடித்திருக்க வேண்டும்.

ரெட்டை_ஹெல்மெட் எழுதியது:

எல்லாம் படிக்க நன்றாக இருக்கிறது. ஆனால் ஒன்று சொல்லியாக வேண்டும், தப்பாக எடுத்துக்கொள்ள வேண்டாம்.

நான் டெலிவரி வேலை பார்க்கிறேன். வயது 26, மெக்கானிக்கல் டிப்ளமோ. ஞாயிற்றுக்கிழமை மதியம் 12 முதல் 3 வரைதான் எங்களுக்கு ஆர்டர் குவியும், ஊக்கத்தொகையும் அந்த நேரத்தில்தான். தம்பி மாடியில் தொட்டி நிழலில் உட்கார்ந்து காற்று மாறுகிறதைப் பார்த்துக்கொண்டிருந்த அதே நேரம் நான் ஏதோ ஒரு அடுக்குமாடியில் லிஃப்டில் ஏறக் கூடாது என்று செக்யூரிட்டி சொன்னதால் ஐந்து மாடி நடந்து ஏறிக்கொண்டிருந்திருப்பேன். காற்று வந்ததா வரவில்லையா என்று எனக்குத் தெரியாது. ஹெல்மெட்டுக்குள் எல்லாக் காற்றும் ஒன்றுதான்.

சின்னச் சின்ன சந்தோஷம் என்று பேசுகிறவர்கள் எல்லாரும் ஒரு இடத்தில் உட்கார முடிந்தவர்கள். உட்கார நேரமில்லாதவனிடம் போய் அன்றாடத்தை ரசி என்று சொன்னால், இருக்கிறதை வைத்துத் திருப்திப்படு, கூலி கேட்காதே என்று சொல்வது போலத்தான் காதில் விழுகிறது. யாரும் அந்த அர்த்தத்தில் எழுதவில்லை என்று தெரியும். இருந்தாலும் எழுதத் தோன்றியது.

மாடியறை எழுதியது:

அண்ணா, தப்பாகவே எடுத்துக்கொள்ளவில்லை. நீங்கள் சொன்னதை நேற்றிலிருந்து யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

எனக்கு வரும் ஸ்டைபெண்டில் அறை வாடகையும் மெஸ் பணமும் போக மிச்சம் சொல்லிக்கொள்ளும்படி இல்லை, அப்பா அனுப்பித்தான் ஓடுகிறது. உயர்த்திக் கேட்டேன், கிடைக்கவில்லை, மறுபடியும் கேட்பேன். காற்று நன்றாக இருந்ததால் கேட்பதை விட்டுவிடுவேன் என்று இல்லை. ஆனால் நீங்கள் சொல்வதில் ஒன்று முழு உண்மை, எனக்கு ஞாயிறு என்று ஒரு நாள் என் கையில் இருக்கிறது. அது இருந்ததால்தான் வேட்டியைப் பார்க்க முடிந்தது. அந்த நாள் எல்லாருக்கும் இருக்க வேண்டும் என்றுதான் நானும் நினைக்கிறேன்.

ஒன்று மட்டும் கேட்கிறேன். ஒரு நாளில் வண்டியை நிறுத்துகிற நேரம் என்று உங்களுக்கு ஒன்றுமே இல்லையா? பதில் சொல்ல வேண்டும் என்று கட்டாயம் இல்லை.

இரவுப்பணி எழுதியது:

துரைப்பாக்கத்தில் வேலை, அமெரிக்கக் கிழக்குக் கரை நேரக் கணக்கு. அவர்களுக்குக் காலை 9 என்றால் எனக்கு மாலை 6:30. மார்ச் மாதம் இரண்டாவது ஞாயிறு அவர்கள் கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னே தள்ளுவார்கள், நவம்பர் முதல் ஞாயிறு பின்னே இழுப்பார்கள். நமக்கு அப்படி எதுவும் கிடையாது, அதனால் நவம்பர் வந்தால் என் ஷிஃப்ட் 7:30-க்கு ஆரம்பிக்கும். வருடத்தில் நாலு மாதம் எனக்குச் சாயங்காலம் ஒரு மணி நேரம் கூடுதலாகக் கிடைக்கிறது.

வெளியிலிருந்து பார்க்கிறவர்களுக்கு இது ஒன்றுமே இல்லை. எனக்கு அது தீபாவளிக்குப் பக்கத்தில் வருகிற இன்னொரு பண்டிகை. மற்ற மாதங்களில் அலுவலக கேப் வண்டி 5:15-க்கு வந்துவிடும், வெயில் இருக்கும்போதே ஏறி, ஜன்னல் இல்லாத தளத்தில் உட்கார்ந்து, இருட்டில் திரும்புவேன். பொழுது சாய்வதையே பார்க்க முடியாது. நவம்பரில் சூரியன் 5:40 வாக்கில் மறைகிறது, கேப் 6:15-க்கு. அந்த முப்பத்தைந்து நிமிடம் தெருமுனை டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்திருப்பேன். தெருவிளக்கு எரிகிற நேரம், ட்யூஷனிலிருந்து பிள்ளைகள் வருகிற நேரம், மழைக்காலம் என்பதால் பாதி நாள் தூறல். பஜ்ஜி போடுகிறவர் மாவில் வாழைக்காயை முக்கி எடுத்து, சட்டியின் ஓரத்தில் ஒரு இழுப்பு இழுத்து உபரி மாவை வழித்துவிட்டு எண்ணெயில் நழுவ விடுவார், அந்தக் கை அசைவை மட்டும் நான் மணிக்கணக்கில் பார்ப்பேன். மார்ச் வந்ததும் அது என்னிடமிருந்து போய்விடும். போய்விடும் என்று தெரிவதால்தான் இவ்வளவு பிடித்திருக்கிறதோ என்னவோ.

ரெட்டை_ஹெல்மெட் நண்பருக்கு: உங்கள் கோபம் எனக்கும் உண்டு. நம் நேரத்தை வேறு யாரோ கடிகாரத்தைத் திருப்பி முடிவு செய்கிறார்கள். ஆனாலும் அந்த முப்பத்தைந்து நிமிடத்தை அவர்கள் கொடுத்ததாக நான் நினைப்பதில்லை. அது என்னுடையது, எனக்குத் திரும்பி வந்தது.

சில சனிக்கிழமை விடிகாலை கேன்டீனிலேயே இட்லி சாப்பிட்டு, வெளிச்சம் வந்த பிறகு என் வண்டியில் 200 அடி ரேடியல் சாலை வழியாகத் திரும்புவேன். பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்தை இரண்டு பக்கமும் பார்த்துக்கொண்டே வரலாம். 2022-இல் ராம்சர் பட்டியலில், அதாவது உலக அளவில் முக்கியமான ஈரநிலங்களின் பட்டியலில், சேர்ந்தது. பூநாரை வருகிற பருவத்தில் ஓரமாக வண்டியை நிறுத்திப் பார்ப்பவர்கள் நாலைந்து பேர் எப்போதும் இருப்பார்கள். தலையைத் தலைகீழாகத் தண்ணீருக்குள் விட்டு, ஒரே இடத்தில் காலால் மிதித்து மிதித்துச் சேற்றைக் கலக்கிச் சாப்பிடும். தூக்கம் கண்ணைக் கட்டும், ஆனாலும் போக மனம் வராது.

தாம்பரம்_லோக்கல் எழுதியது:

உளவியல் முதுகலை இரண்டாம் வருடம். பாடத்தில் படித்த ஒன்று இந்த இழைக்குப் பொருந்தும் என்பதால் சொல்கிறேன். 2010-இல் கில்லிங்ஸ்வொர்த், கில்பர்ட் என்ற இரண்டு பேர் 2,250 பேருடைய போனுக்கு நடுநடுவே கேள்வி அனுப்பி, இப்போது என்ன செய்கிறீர்கள், மனது அதில் இருக்கிறதா, எப்படி உணர்கிறீர்கள் என்று கேட்டார்கள். ஏறக்குறைய 47 சதவீத நேரம் மனது செய்கிற வேலையில் இல்லை. மனது வேறெங்கோ இருந்த நேரங்களில் சந்தோஷமும் குறைவாக இருந்தது. மாடியறை சொன்ன "எதையும் தள்ளி வைக்காத ஐந்து நிமிடம்" அதுதான் என்று நினைக்கிறேன்.

இன்னொன்று 2014-இல் வந்தது, சிகாகோ பக்கம் ரயிலில் போகிறவர்களை வைத்து எப்லி, ஷ்ரோடர் செய்தது. பக்கத்து ஆளோடு பேசச் சொன்னவர்களுக்குப் பயணம் நன்றாக இருந்தது, ஆனால் பேசினால் எப்படி இருக்கும் என்று முன்கூட்டிக் கேட்டபோது சும்மா உட்கார்ந்திருப்பதே நல்லது என்றுதான் எல்லாரும் நினைத்தார்கள். இதைப் படித்த அன்றே நான் லோக்கல் ரயிலில் முயற்சி செய்து பார்த்தேன். மகளிர் பெட்டி. எதிரில் ஒரு அக்கா மடியில் ஈரத்துணி விரித்து மல்லி மொட்டு கொட்டிக் கட்டிக்கொண்டிருந்தார். பூக்கடை போய்ச் சேருவதற்குள் கட்டி முடிக்க வேண்டுமாம். எனக்குக் கற்றுக்கொடுங்கள் என்றேன். அவர் மேலும் கீழும் பார்த்துவிட்டுக் கையில் நாரைக் கொடுத்தார்.

வாழை நாரை நனைத்துக்கொள்ள வேண்டும், காய்ந்திருந்தால் அறுந்துவிடும். இரண்டு மொட்டு இந்தப் பக்கம், இரண்டு மொட்டு அந்தப் பக்கம், காம்பும் காம்பும் நடுவில் சேர வேண்டும். இடது கைக் கட்டைவிரலால் காம்பை அழுத்திப் பிடித்துக்கொண்டு, வலது கையால் நாரை ஒரு சுற்று சுற்றி, விரலில் ஒரு வளையம் போட்டு, அதை மொட்டுகளுக்கு மேலாகக் கவிழ்த்து இழுக்க வேண்டும். இறுக்கினால் காம்பு வெட்டுப்படும், தளர விட்டால் முழம் போடும்போதே பூ கொட்டும். பல்லாவரம் வரை எனக்கு ஒரு கண்ணிகூட நிற்கவில்லை. கிண்டியில் மூன்று நின்றது. பூங்கா நிலையத்தில் இறங்கும்போது என் விரல் நீளத்துக்கு ஒரு சரம் கட்டியிருந்தேன், அதை அந்த அக்காவே என் பின்னலில் வைத்துவிட்டார்.

அதன் பிறகு ஏழெட்டு தடவை அதே பெட்டியில் பார்த்திருக்கிறோம். இப்போது பேசிக்கொண்டே கட்டுவேன். அன்று அந்த ரயிலில் நான் போனை எடுக்கவே இல்லை, எடுக்கக் கை இருக்கவில்லை.

ஆமைக்_கரை எழுதியது:

வெள்ளி, சனி இரவுகளில் ஆமை நடை போகிறவர்கள் இங்கே யாருமில்லையா? மாணவர்கள் 1988-இல் ஆரம்பித்த அமைப்பு, இன்றும் பெரும்பாலும் இருபதுகளில் இருப்பவர்கள்தான் நடத்துகிறார்கள். ஜனவரியிலிருந்து மார்ச், ஏப்ரல் வரை நீலாங்கரையிலிருந்து பெசன்ட் நகர் வரை மணலில் நடந்து பங்குனி ஆமை முட்டையிட்ட தடத்தைத் தேடுவோம். ஒரு குழியில் ஏறக்குறைய நூறு முட்டை இருக்கும், பிங்பாங் பந்து அளவு, மென்மையான தோல். அதை எடுத்துப் பாதுகாப்பான இடத்தில் புதைத்து வைத்தால் ஒன்றரை மாதத்தில் குஞ்சு வரும். கடல் பக்கம் வெளிச்சமாக இருக்கும் என்று அது வெளிச்சத்தைப் பார்த்து நடக்கும், இந்த ஊரில் சாலைப் பக்கம்தான் அதிக வெளிச்சம் என்பதால் விட்டால் ரோட்டுக்குப் போய்விடும்.

பாதி இரவு நடந்தும் ஒன்றுமே கிடைக்காத நாள்தான் அதிகம். 2025 ஜனவரியில் இந்தக் கரையில் செத்து ஒதுங்கிய ஆமைகளை எண்ணி எண்ணி நாங்கள் அழுதிருக்கிறோம். அந்த வருடமும் குஞ்சு வந்தது. உள்ளங்கையில் வைத்தால் துடுப்பால் தள்ளும் பாருங்கள், அந்த எடைக்கு அவ்வளவு பலமா என்று இருக்கும்.

பழைய_மேன்ஷன் எழுதியது:

எனக்கு ஐம்பது தாண்டிவிட்டது, இளைஞர்கள் எழுதச் சொன்ன இடத்தில் எழுதுகிறேன், மன்னிக்கவும். 1996 முதல் 1999 வரை நானும் திருவல்லிக்கேணி மேன்ஷன்தான். மாடியறைத் தம்பி எழுதியதைப் படித்ததும் கை தானாகத் தட்டச்சு செய்ய வந்துவிட்டது.

அப்போது இரவு 11 மணிக்கு மேல் எஸ்டிடி, அதாவது வெளியூர் போன், கட்டணம் கால் பங்கு. பத்தே முக்காலுக்கே பூத் வாசலில் பதினைந்து பேர் நிற்போம், எல்லாரும் மேன்ஷன் பையன்கள், எல்லாரும் லுங்கி. உள்ளே ஒருவன் பேசுவான், கட்டண மீட்டரில் சிவப்பு எண்கள் ஓடுவதையே பார்த்துக்கொண்டு பேசுவான். கண்ணாடிக் கதவு என்பதால் சத்தம் வராது, முகம் மட்டும் தெரியும். யாருக்கு வீட்டில் நல்ல செய்தி, யாருக்குக் கெட்ட செய்தி என்று முகத்தைப் பார்த்தே எங்களுக்குத் தெரிந்துவிடும். கெட்ட செய்தி கேட்டு வெளியே வருகிறவனை அடுத்து நிற்கிறவன் ஒன்றும் கேட்காமல் டீக்கடைக்குக் கூட்டிப் போவான், தன் முறை போனாலும் பரவாயில்லை என்று. நானும் போயிருக்கிறேன், என்னையும் கூட்டிப் போயிருக்கிறார்கள்.

பறக்கும் ரயில் அப்போது சேப்பாக்கம் வரைதான். 1997-இல் மயிலாப்பூர் வரை நீட்டினார்கள். திறந்த வாரமே வேலை எதுவும் இல்லாமல் அதில் போய் வந்தேன். முதல் தடவையாக எங்கள் பேட்டையின் மொட்டை மாடிகளை மேலிருந்து பார்த்தேன், கொடித் துணி, வற்றல், படிக்கிற பையன், பட்டம், துளசி மாடம். எங்கள் மேன்ஷன் எது என்று தேடிக் கண்டுபிடிப்பதற்குள் ரயில் தாண்டிவிட்டது. அதற்காகவே மறுபடி ஏறினேன்.

ஒன்று கேட்கிறேன் தம்பி. ரத்னா கஃபேயில் இட்லி மூழ்க மூழ்கச் சாம்பார் ஊற்றுகிற வழக்கம் அப்படியே இருக்கிறதா? அடுத்த முறை போகும்போது என் கணக்கில் ஒரு பிளேட் சாப்பிடுங்கள்.

மாடியறை எழுதியது:

இருக்கிறது சார். ஜக்கோடு வந்து ஊற்றுகிறார்கள், போதும் என்று கை காட்டினாலும் இன்னும் கொஞ்சம் விழும். இன்று காலை உங்கள் பெயரைச் சொல்லிச் சாப்பிட்டேன்.

பிங்க்_பஸ் எழுதியது:

தாம்பரம்_லோக்கல் போன் எடுக்கவில்லை என்று சொன்னதைப் பற்றி. ஒரு வருடமாக பஸ் ஜன்னலை வீடியோ எடுத்து ஸ்டேட்டஸ் போட்டுக்கொண்டிருந்தேன். ஒரு நாள் பார்க்கிறேன், எல்லா வீடியோவிலும் நான் ஜெமினி பாலத்துக்கு முன்னாலேயே போனைத் தயாராகப் பிடித்துக்கொண்டு காத்திருக்கிறேன், அதற்கு முன்னால் வந்த தெருக்கள் ஒன்றும் நினைவில் இல்லை. படம் எடுப்பது தப்பு என்று சொல்லவில்லை, ஊரில் இருக்கும் தங்கைக்கு அனுப்பத்தான் எடுத்தேன், அவளும் ஆசையாகப் பார்ப்பாள். இப்போது வழியில் பார்த்ததை ராத்திரி அவளிடம் வாயால் சொல்கிறேன். சொல்வதற்காகவே கவனமாகப் பார்க்கிறேன். அவள் குறுக்கே கேள்வி கேட்பாள், "அந்தப் பாட்டி இறங்கினாங்களா இல்லையா" என்று. வீடியோவுக்கு அவள் ஒரு இதயம்தான் அனுப்புவாள்.

ரெட்டை_ஹெல்மெட் எழுதியது:

நாலு நாளாக இந்தப் பக்கம் வரவில்லை. தம்பி கேட்டதற்குப் பதில் சொல்லாமல் இருப்பது நியாயம் இல்லை.

வண்டியை நிறுத்துகிற நேரம் இருக்கிறது. மூன்றரைக்கு மேல் ஆர்டர் குறையும். அண்ணா நகரில் 2025-இல் மாநகராட்சி எங்களைப் போன்றவர்களுக்காக ஏசி ஓய்வறை திறந்தது, பக்கத்தில் இருந்தால் அங்கே போவேன். போனைச் சார்ஜில் போட்டுவிட்டு ஹெல்மெட்டைக் கழற்றி மடியில் வைத்தால், காதில் ஒரு அமைதி வரும், அடைத்திருந்தது திறந்த மாதிரி. அங்கே யாரும் யாரிடமும் அதிகம் பேசமாட்டோம். தண்ணீர் பாட்டிலை நீட்டுவோம். தெரியாத ஆள் தூங்கினால் அவன் போனில் ஆர்டர் சத்தம் வரும்போது தட்டி எழுப்புவோம்.

இன்னொன்று, நோன்பு மாதத்தில் சாயங்காலம் திருவல்லிக்கேணி வழியாக ஆர்டர் வந்தால் எனக்குச் சந்தோஷம். வாலாஜா பெரிய பள்ளிவாசல் பக்கம் ஒரு பெரியவர் வண்டியை நிறுத்திச் சொம்பில் நோன்புக் கஞ்சி கொடுத்தார், நான் முஸ்லிம் இல்லை என்றேன், பசிக்குதா இல்லையா என்று மட்டும் கேட்டார். சுடச்சுட, பூண்டும் வெந்தயமும் புதினாவுமாக. நின்றுகொண்டே குடித்தேன். ஆர்டர் எட்டு நிமிடம் தாமதம், வாடிக்கையாளர் ஒன்றும் சொல்லவில்லை.

இதையெல்லாம் நான் சந்தோஷம் என்று பெயர் வைத்து எண்ணியதில்லை. எண்ணினால் கூலி விஷயத்தில் கோபம் குறைந்துவிடுமோ என்று ஒரு பயம். இரவுப்பணி நண்பர் "அது என்னுடையது" என்று எழுதியதைப் படித்த பிறகு அந்தப் பயம் கொஞ்சம் போயிருக்கிறது. கோபம் அப்படியேதான் இருக்கிறது, இருக்கட்டும்.

தம்பி, வரும் ஞாயிறு எனக்குத் திருவல்லிக்கேணி பக்கம்தான். ஒரு மணிக்கு போனில் டெலிவரி ஆப்பை அணைத்துவிட்டு வந்தால் மாடிக்கு விடுவார்களா?

மாடியறை எழுதியது:

வாங்க அண்ணா. வாட்ச்மேனிடம் சொல்லி வைக்கிறேன். ஊரிலிருந்து காராச்சேவு வந்திருக்கிறது.

மழைமானி எழுதியது:

ஞாயிறு மேற்குக் காற்று பலமாக இருக்கும் போலத் தெரிகிறது. காற்று வரத் தாமதமாகும். தண்ணீர் நிறைய வைத்துக்கொள்ளுங்கள், நேரத்தை மறக்காமல் குறியுங்கள்.

ரெட்டை_ஹெல்மெட் எழுதியது:

மழைமானி சாருக்கு: 2:35.

ஒரு மணியிலிருந்து உட்கார்ந்திருந்தோம். நாற்பது நிமிடம் என்று நினைத்து வந்தேன், ஒன்றே முக்காலுக்குக் கிளம்பலாம் என்று எழுந்தேன், பக்கத்து மாடி அம்மா "இருப்பா, இவ்ளோ நேரம் இருந்துட்டு" என்றார். அவர் மோர் கொடுத்தனுப்பினார், கைப்பிடிச் சுவருக்கு மேலாகவே. இஞ்சி தட்டிப் போட்டது. ஊக்கத்தொகை போனது போனதுதான், அது எனக்கு 200 ரூபாய், சும்மா விடுகிற பணம் இல்லை, அதையும் இங்கே எழுதி வைக்கிறேன்.

தம்பியின் வேட்டியும் என் நனைந்த டீ-சர்ட்டும் கொடியில். இரண்டும் ஒன்றாகத்தான் தொங்கின. ஆனால் டீ-சர்ட் முதலில் அசைந்தது, லேசான துணி என்பதால். நான்தான் முதலில் பார்த்தேன்.

மழைமானி சார், அம்பத்தூருக்கு எத்தனை மணிக்கு வந்தது?

மழைமானி எழுதியது:

4:10. வாசலில் நின்று பார்த்தேன், வேப்பமரம் திரும்பியது. உங்கள் 2:35-ஐ வைத்து நான் போட்ட கணக்கு 4 மணி. பத்து நிமிடம்தான் வித்தியாசம்.

ரெட்டை_ஹெல்மெட் எழுதியது:

சரி. அடுத்த ஞாயிறு வர முடியாது, அதற்கடுத்த ஞாயிறு பார்க்கிறேன் தம்பி. கிளிமூக்கு மாங்காய் நான் வாங்கி வருகிறேன். உப்பும் மிளகாய்த்தூளும் உன் அறையில் இருக்கிறதா?